சங்கிலியில் கட்டிய நாலு சக்கரம்

நிம்மதியின் விலை பதினெட்டாயிரத்து ஐந்நூறு. நாலு சக்கரம், டயரோடு. மாட்டும் கூலி தனி.

நிம்மதியை விலைக்கு வாங்க முடியாது என்று யாராவது சொன்னால், அவர் இன்னும் பேரம் பேசிப் பார்க்கவில்லை என்று அர்த்தம். எங்கள் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் மூத்த மாப்பிள்ளை பேசிப் பார்த்தார். வாங்கியும் வந்தார். அதற்கு அப்புறம் அவர் வீட்டில் நடந்ததைத்தான் எழுதுகிறேன். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எனக்கு நஷ்டமில்லை. ஆனால் ஒன்று. விற்கும்போதும் வாங்கும்போதும் தவிர வேறு சமயத்தில் பொய் சொல்லாத மனிதர் அவர். எல்லாவற்றையும் கடை நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். தேதி, நேரம், அடி, அங்குலம் எல்லாம் அதில் இருக்கிறது. அந்த நோட்டை என் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் நானே நம்பினேன்.

மூத்த மாப்பிள்ளை என்று ஒருவர் இருந்தால் இளைய மாப்பிள்ளை என்று ஒருவர் இருந்தாக வேண்டுமே. இருந்தார். பிரச்சினையே அதுதான்.

மாமனார் கட்டிய மாடி வீட்டில் கீழே மூத்தவர் குடும்பம், மேலே இளையவர் குடும்பம். வாசல் ஒன்று, முற்றம் ஒன்று, தண்ணீர் மோட்டார் ஒன்று. வண்டி மட்டும் இரண்டு. ஒரே கம்பெனி, ஒரே வெள்ளை. முற்றத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். நடுவே ஆறடி இடைவெளி. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்த வண்டிகள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் செல்போன் கடை இளையவர் தன் வண்டிக்கு அலாய் சக்கரம் மாட்டிக்கொண்டு வந்தார். ஏழு கம்பி, நடுவில் கறுப்பு, ஓரத்தில் வெள்ளி வளையம்.

"ஷோரூம் சரக்கு சகலை. அம்பதைத் தொட்டுடுச்சு," என்றார். யாரும் கேட்கவில்லை. தானாகவே சொன்னார்.

அன்று பற்றிக்கொண்டது மூத்தவர் வயிறு. காலையில் செடிக்குத் தண்ணீர் விடும் மாமியார் இளையவர் வண்டிப் பக்கம் ஒரு நிமிஷம் கூடுதலாக நிற்பதை மூத்தவர் கண்டுபிடித்தார். சாயங்காலம் கடையை மூடி வந்தால், தன் வண்டியின் இரும்புச் சக்கரங்கள் கல்யாண வீட்டில் பழைய செருப்போடு நிற்பவனைப் போலத் தெரிந்தன. எட்டு வயது மகள் ஒரு நாள், "நான் சித்தப்பா கார்ல ஸ்கூலுக்குப் போறேன்பா," என்றாள். மற்றதெல்லாம் எரிந்து அணைந்துவிடும். இது அணையவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமனாரின் அக்கா வீட்டில் சொந்தம் முழுக்கக் கூடப்போகிறது. இரண்டு வண்டியும் அத்தனை கண்ணுக்கும் முன்னால் நிற்கும். கையில் ஆறே நாள்.

திங்கட்கிழமை காலை 11.30-க்கு மூத்தவர் பழைய உதிரி சாமான் கடைக்குப் போனார். கடைக்காரரை எல்லோரும் 'ஸ்பானர்' என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் அவருக்கு அதுதான் இருக்கும். கழற்றிய கதவுகள், இருக்கைகள், மூட்டை கட்டிய கண்ணாடிகள். எல்லாவற்றுக்கும் பின்னால், ஒரு தூணில், நாலு சக்கரம் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது.

ஏழு கம்பி. நடுவில் கறுப்பு. வெள்ளி வளையம்.

மூத்தவருக்கு நெஞ்சு துள்ளியது. ஆனால் துள்ளிய நெஞ்சை எதிராளிக்குக் காட்டுபவர் கடைத்தெருவில் பிழைக்க முடியாது. ஒரு ஹாரனுக்கு விலை கேட்டார். ஒரு கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கிளம்புகிற மாதிரி நாலடி நடந்து, போகிற போக்கில் கேட்டார்.

"அந்த மூலைல என்னமோ கிடக்குதே, அது என்ன?"

"அது வேணாம். விடுங்க," என்றார் ஸ்பானர்.

மூத்தவருக்கு உள்ளுக்குள் சிரிப்பு. வேணாம் வேணாம் என்று சொல்லியே விலையை ஏற்றும் வித்தையை, அவர் தன் அப்பா கடையில் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போதே பார்த்தவர்.

"ஏன், விரிசலா?"

"விரிசலும் இல்ல, நெளிசலும் இல்ல. வேற நல்லதா காட்டறேன், வாங்க."

"நல்லது இல்லாமத்தான் பூட்டு போட்டு வெச்சிருக்கீங்களா?"

"நகராம இருக்கறதுக்கு."

"நகர்றதுக்கு அதுக்கென்ன காலா இருக்கு?"

ஸ்பானர் சிரிக்கவில்லை. அதையும் மூத்தவர் வித்தையில்தான் சேர்த்தார். பூட்டிய சரக்கு நல்ல சரக்கு. விற்க மாட்டேன் என்கிற கடைக்காரன் விற்கப்போகிற கடைக்காரன். அவர் படித்த பாடம் அவ்வளவுதான்.

அரை மணி நேரம் இழுத்தார். கடைசியில் ஸ்பானர் பெருமூச்சு விட்டார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லுங்க. இதே டிசைன் சக்கரம் போட்ட வண்டி உங்க வீட்ல, பக்கத்து வீட்ல, கடைப் பக்கம் எங்கயாவது நிக்குதா?"

மூத்தவர் கண் இமைக்கவில்லை. ஜோடி சேர்க்கத்தான் வாங்குகிறேன் என்று தெரிந்தால் விலை எங்கே போய் நிற்கும்?

"இதை யாருங்க போடுவா? நான் பார்த்ததே இல்ல."

"நிச்சயமா?"

"வியாபாரி வாக்கு."

முப்பதில் ஆரம்பித்தது, பதினெட்டரையில் முடிந்தது. ஸ்பானர் சண்டையே போடாமல் இறங்கிவந்தார். எதிராளி சுலபமாக இறங்கினால் மூத்தவர் எப்போதும் பொருளை இன்னொரு முறை புரட்டிப் பார்ப்பார். அன்று பார்க்கவில்லை. இன்னொன்றையும் அவர் வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தார். சங்கிலியை அவிழ்த்த ஸ்பானர், அந்தச் சக்கரங்களைக் கையால் தொடவில்லை. நாலையும் காலாலேயே உருட்டித் தள்ளினார்.

மாட்டி முடிக்க மாலை ஐந்து ஆனது. 6.20-க்கு வண்டி அவர் தெருவுக்குள் திரும்பியது. ஸ்டியரிங் லேசாக இடது பக்கம் இழுத்தது. சின்னப் பிள்ளை சட்டையைப் பிடித்து இழுக்கிற மாதிரி. வீடு இருப்பதும் இடது பக்கம்தான். பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முற்றத்தில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். மாமியார் தலையைச் சாய்த்து யோசித்தார்.

"நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை. ஆனா சின்னவர் வண்டில பொறந்தப்பவே இருந்த மாதிரி இருக்கு. உங்களுதுல இரவல் சட்டை மாதிரி இருக்கு."

மகள் ஓடி வந்து தடவிப் பார்த்தாள். "சித்தப்பாது மாதிரியே இருக்குப்பா!"

மாதிரியே. பதினெட்டாயிரத்து ஐந்நூறு கொடுத்து அவர் வாங்கியது இந்த ஒரு வார்த்தையைத்தான்.

மகள் கையை உதறிக்கொண்டாள். "சுடுதுப்பா."

வண்டி ஓடினால் சக்கரம் சுடத்தானே செய்யும் என்றார் மூத்தவர்.

செவ்வாய்க்கிழமை அறுபது வேகத்தில் ஸ்டியரிங் உதறியது. வீல் அலைன்மென்ட் கடையில் ஏற்றினார். கம்ப்யூட்டரில் நாலும் பச்சை. "கோடு போட்ட மாதிரி நேரா இருக்கு சார். உங்க கைதான் கோணல்," என்று கடைக்காரர் சிரித்தார். அறுநூறு வாங்கிக்கொண்டு சிரித்தார்.

புதன்கிழமை காலை 5.40. பால் வாங்க வந்த மூத்தவர் முற்றத்தில் நின்றுவிட்டார். இரண்டு வண்டிக்கும் நடுவே ஆறடி இருக்க வேண்டும். மூன்றடிதான் இருந்தது.

மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "சகலை! வண்டியை ஒழுங்கா நிறுத்தத் தெரியாதா?"

இளையவர் பல் விளக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "நான் நேத்து ஆறு மணிக்கு நிறுத்தினது. தொடவே இல்ல. உங்க வண்டிதான் எங்க வண்டி மேல ஏறி உக்காருது. பக்கத்துல நின்னா பளபளப்பு ஒட்டிக்கும்னு யாராச்சும் சொன்னாங்களா?"

மூத்தவருக்குக் காது வரை சிவந்தது. அன்று மாலை 7.30-க்குக் கடையிலிருந்து துணியில் கோடு போடும் சாக்குக்கட்டி எடுத்துவந்தார். எட்டு டயரைச் சுற்றியும் சிமெண்டுத் தரையில் கோடு போட்டார். கடை டேப்பால் அளந்து நோட்டில் எழுதினார். ஆறடி. நாளைக்கு மாட்டிக்கொள்வான் சகலை.

வியாழன் காலை 5.40.

ஒரு டயர்கூடக் கோட்டுக்குள் இல்லை.

அவருடைய வண்டி இரண்டடி நகர்ந்திருந்தது. இளையவர் வண்டியும் இரண்டடி நகர்ந்திருந்தது. ஒன்றை நோக்கி ஒன்று. நடுவே இரண்டடி.

இரண்டிலும் ஹேண்ட் பிரேக் போட்டிருந்தது. சாவிகள் இரண்டும் ஆணியில் தொங்கின.

வண்டி முன்னே போகும், பின்னே போகும். பக்கவாட்டில் எப்படிப் போகும்...?

தேய்ந்த தடம் எதுவும் இல்லை. குனிந்து பார்த்தார். இரவு முழுக்கச் சும்மா நின்ற வண்டி. பானெட்டில் கை வைத்தார். சில்லென்று இருந்தது. சக்கரத்தில் கை வைத்தார்.

சுட்டது.

டிக்... டிக்... டிக்... ஓடி வந்த இரும்பு ஆறும்போது வரும் சத்தம். அவர் வண்டியிலிருந்து வந்தது. இரண்டு நிமிஷம் கழித்து, பதில் சொல்வது போல, இளையவர் வண்டியிலிருந்தும் வந்தது.

வெள்ளிக்கிழமை ஸ்பானர் கடையில் போய் நின்றார். அவிழ்த்த சங்கிலி இன்னும் அந்தத் தூணடியில் கிடந்தது.

"சக்கரம் இழுக்குதுங்க. எடுத்துக்கிட்டுப் பணத்தைக் குடுங்க."

"எப்பவும் இழுக்குதா?"

மூத்தவர் யோசித்தார். கடைக்குப் போகும்போது இழுக்கவில்லை. காலி ரோட்டில் நேராகத்தான் போனது. வீட்டை நெருங்கும்போது மட்டும்... அதுவும் இளையவர் வண்டி வீட்டில் நிற்கும்போது மட்டும்.

ஸ்பானர் கிட்டே வந்தார். "அன்னிக்கு நான் கேட்டதுக்கு நீங்க சொன்னது நிஜம்தானே?"

இப்போது உண்மையைச் சொன்னால், பொய் சொல்லி வாங்கியவனுக்குப் பணம் எதற்கு என்பான். பேரம் கையை விட்டுப் போய்விடும். இன்னொன்றும் இருந்தது. இன்று கழற்றிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை இரும்புச் சக்கரத்தோடு போய் நிற்க வேண்டும், இளையவர் பக்கத்தில்.

"நிஜம்தான்," என்றார்.

"அப்ப பயமில்ல. ஓட்டுங்க."

ஒரே பொய்யை இரண்டு முறை விற்றுவிட்டு மூத்தவர் வீடு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை போகும்போது ஒன்றும் நடக்கவில்லை. இளையவர் விடியற்காலையிலேயே முன்னால் போய்விட்டார். அங்கே கூட்டத்தில் இரண்டு வண்டியும் வேறு வேறு தெருவில் நின்றன. மூத்தவருடைய சக்கரத்தை யாரும் பார்க்கக்கூட இல்லை.

திரும்பும்போதுதான்...

மாலை 6.10. "என்னங்க, இவ சித்தப்பா கார்லதான் வருவேங்கறா. அம்மாவும் அதுலயே ஏறிட்டாங்க. நானும் அப்படியே வந்துடறேன்," என்று மனைவியும் ஏறிக்கொண்டாள். மூத்தவர் வண்டிக்குக் கிடைத்தது, வாடகைக்கு எடுத்த மடக்கு நாற்காலி பன்னிரண்டு. திருப்பிக் கொடுக்க வேண்டியவை.

இளையவர் வண்டி முன்னால். நூறடி பின்னால் மூத்தவர். குண்டும் குழியுமான ரோடு. பின்னால் நாற்காலிகள் கட... கட... கட... என்று அடித்துக்கொண்டன. தூறல் விழுந்தது. முன் வண்டியின் சக்கரம் நனைந்து மின்னியது. அதையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

6.36. நாற்காலிச் சத்தம் நின்றது.

ரோடு மாறவில்லை. குழிகள் அப்படியேதான் இருந்தன. ஆனால் வண்டி எண்ணெயில் போவது போலப் போனது. ஸ்டியரிங் உதறல் இல்லை. இழுப்பும் இல்லை. நேராகப் போனது. முன் வண்டியை நோக்கி.

வேகம் 60. காலை எடுத்தார்.

68.

பிரேக்கை மிதித்தார். கல்லை மிதித்த மாதிரி இருந்தது.

74.

முன் வண்டி பெரிதாகிக்கொண்டே வந்தது. அதன் பிரேக் விளக்கு எரியவில்லை. ஆனாலும் அது மெதுவானது. காத்திருப்பது போல.

பின் கண்ணாடியில் மகள் தெரிந்தாள். கையை ஆட்டினாள்.

அறுபதடி.

அப்போது ஒரு நினைப்பு வந்தது. இடித்தால்... அந்தச் சக்கரம் நொறுங்கும்.

அவ்வளவுதான். அந்த ஒரு வரிதான். அது யாருடைய குரல் என்று மூத்தவருக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்தது இது மட்டும்: அது கேட்டதும் அவருக்கு இனித்தது. கை தளர்ந்தது.

முப்பதடி.

மகள் கையை ஆட்டுவதை நிறுத்திவிட்டாள்.

அவரையே பார்த்தாள்.

மூத்தவர் கத்தினார். இரண்டு கையாலும் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தார்...

கிரீச்ச்ச்...

வானம் சுற்றியது. ஜல்லிக் குவியல் மேல் ஏறி இறங்கியது. பன்னிரண்டு நாற்காலியும் ஒரே சமயத்தில் சத்தம் போட்டன.

பிறகு அமைதி.

6.42.

கண்ணைத் திறந்தார். எதிரே இளையவர் வண்டி. அதுவும் சுழன்று திரும்பி நின்றிருந்தது. மூக்குக்கு மூக்கு. நடுவே ஒரு சாண். உள்ளே எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். மாமியார் அழுதுகொண்டிருந்தார்.

இரண்டு வண்டியின் முன் சக்கரங்களும் ஒன்றை நோக்கி ஒன்று திரும்பியிருந்தன. தூறல் அவற்றில் விழுந்து ஆவியாய் எழுந்தது.

டிக்... டிக்...

இளையவர் இறங்கினார். முகத்தில் ரத்தமில்லை. "ஆக்சிலேட்டரை முழுக்க மிதிச்சேன் சகலை. போகல. பின்னாலதான் இழுத்துச்சு..." என்றார். மூத்தவருடைய சக்கரத்தைப் பார்த்தார். தன் சக்கரத்தைப் பார்த்தார்.

"இதை எங்க வாங்கினீங்க?"

"ஷோரூம்," என்றார் மூத்தவர்.

இளையவர் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஸ்பானர்கிட்டயா?"

மூத்தவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப நீங்க..."

"நானும்தான்."

மகள் வந்து அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஏன்பா சிரிச்சுக்கிட்டே வந்தீங்க?"

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, எட்டுச் சக்கரத்தையும் கழற்றி ஒரு மினி லாரியில் போட்டுக்கொண்டு இரண்டு மாப்பிள்ளைகளும் ஸ்பானர் கடையில் இறங்கினார்கள். எட்டையும் சேர்த்துப் பார்த்ததும் ஸ்பானர் இரண்டடி பின்னால் போனார். மூத்தவரை அவர் திட்டக்கூட இல்லை. உட்காரச் சொல்லி விஷயத்தைச் சொன்னார்.

இரண்டு வண்டி. அண்ணன் ஒருவர், தம்பி ஒருவர். தம்பி இந்தச் சக்கரத்தை மாட்டிய எட்டாம் நாள் அண்ணனும் அதையே வாங்கி மாட்டினார். அதற்கடுத்த வாரம் இரண்டு வண்டியும் நேருக்கு நேர் மோதின. பட்டப்பகல். நேரான, காலியான ரோடு. இருவரும் வீட்டுக்குத்தான் போயிருக்க வேண்டும். யார் எதற்காக எதிர்ப்பக்கம் திரும்பி வந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. வண்டிகள் அப்பளமாக நொறுங்கின. எட்டுச் சக்கரத்தில் ஒரு கீறல் இல்லை.

"ரோட்ல எங்கயும் பிரேக் தடம் இல்லைன்னாங்க," என்றார் ஸ்பானர். "ரெண்டு பேருமே போடல."

முதலில் எட்டையும் கடையின் இரண்டு மூலையில் நாலு நாலாக வைத்திருந்தாராம். காலையில் வந்து பார்த்தால் கடை நடுவே எட்டும் ஒரே குவியலாகக் கிடக்கும். அதனால்தான் சங்கிலி. நாலை விற்றுவிட்டால் தொலைந்தது என்று நினைத்து, இளையவரிடமும் அதே கேள்வியைக் கேட்டுத்தான் விற்றிருக்கிறார். அப்போது அவர் சொன்ன பதில் உண்மை.

மூத்தவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "இவர் எவ்வளவு குடுத்தாரு?"

"இருபத்திரண்டாயிரம்."

அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டு, அந்தச் சக்கரங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மூத்தவருக்கு ஒரு கணம் உள்ளம் குளிர்ந்துபோனது. மூவாயிரத்து ஐந்நூறு தனக்கு லாபம். பிறகு தன்னை நினைத்தே அவருக்குப் பயமாக இருந்தது. மற்ற எதைவிடவும் அதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் இறங்கியது.

ஸ்பானர் இருவருடைய பணத்தையும் ஒரு காசு பிடிக்காமல் திருப்பிக் கொடுத்தார். எட்டையும் அவர்கள் கண் முன்னாலேயே துண்டு துண்டாக வெட்டினார். மத்தியானம் அவை உருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

வண்டிகளில் இப்போது பழைய இரும்புச் சக்கரம். இரண்டும் முற்றத்தின் இரண்டு ஓரத்தில், சுவரை ஒட்டி நிற்கின்றன. சகலைகள் இருவரும் சேர்ந்து நின்று டேப் பிடித்து அளந்து நிறுத்தினார்கள். பிறகு யாரும் அவற்றை எடுக்கவில்லை. மூத்தவர் கடைக்கு நடந்துதான் வருகிறார். நேற்று அந்த நோட்டை என் முன்னால் பிரித்து வைத்தார். கடைசிப் பக்கத்தில் இருந்ததை அப்படியே தருகிறேன்.

திங்கள், மாலை 5.00: பத்தடி.

வியாழன், காலை 5.40: ஒன்பதே கால் அடி. (நேற்று சகலை கடைக்குப் புதுக் கண்ணாடிப் போர்டு வந்தது.)

ஞாயிறு, காலை 5.40: எட்டரை அடி. (நேற்று என் கடையில் நல்ல வியாபாரம். நான் பணப்பையோடு வீட்டுக்கு வந்ததைச் சகலை மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.)

பாக்கி: எட்டரை அடி.